மரம் காய்ந்ததா என்பதைத் தராசிடம் கேளுங்கள்

எலெக்ட்ரிக் கிற்றாரின் கழுத்துக்கென மரக்காலையில் வாங்கிய தேக்கு அல்லது மகோகனித் துண்டைச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, திகதியையும் எடையையும் மரத்தின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்தால் போதும். மூன்று நான்கு வாரம் எடை அசையாமல் நின்ற பிறகு வாளை எடுங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானிக்குச் செலவிடும் காசை, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரத்தை விட்டு வெளியேறுவது தண்ணீர். ஆகவே உலர உலர எடை குறையும், சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்ததும் குறைவது நின்றுவிடும். அதற்கு முன்பே செதுக்கிய கழுத்து பின்னர் முறுகக்கூடும். வளைவென்றால் கழுத்தின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற உலோகக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுகலுக்கு அது உதவாது.

மட்டக்களப்பில் இதற்குத் தோதான காலம் கச்சான் என்ற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்கள். நவம்பர் மாரியில் இந்தக் கணக்கை நம்பவேண்டாம். வாவிக்கரை வீடுகளில் மரம் ஈரத்தை உறிஞ்சி எடை கூடவும் செய்யும். எடை நின்றாலும் ஈரத்தோடுதான் நிற்கும். பழைய கதவு, கட்டில் மரங்களுக்கு இவ்வளவு காத்திருப்புத் தேவையில்லை; உள்ளே ஆணி முறிந்து கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.