பிள்ளை இன்னும் பேசவில்லையா? வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை பேசத் தாமதித்தால் போதும், "வீட்டில் தமிழ், தாஸ்காவில் (பிள்ளைப் பராமரிப்பு மையத்தில்) மலாய், டிவியில் இங்கிலீஷ், பிள்ளை குழம்பிப்போச்சு, ஒரே மொழியில பேசுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பெற்றோரும் பயந்துபோய்த் தமிழை விட்டுவிட்டு "கம் ஹியர்", "டோன்ட் டச்" என்று நாலு கட்டளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இந்தத் தவறுதான். பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. பிள்ளை "ங்கா" என்றால் நாம் பதில் சொல்லி, அது மறுபடி ஏதோ சொல்லி, இப்படி மாறி மாறிப் போகும் பேச்சில்தான் மொழி வளர்கிறது, அந்தப் பேச்சு நமக்கு எந்த மொழியில் தாராளமாக வருகிறதோ அதில் பேசினால்தான் நிறைய கிடைக்கும்.

சொற்களை எண்ணுவதிலும் தப்பு நடக்கிறது. "தண்ணி"யும், அதற்கு மலாய்ச் சொல்லான "ஆயேர்"உம் இரண்டு சொற்கள். எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள், இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொற்களும், "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் கைப்பேசி. அது பிள்ளைக்குப் பதில் சொல்லாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. சோறு ஊட்டும்போது படம் காட்டுவதைவிட, ஜன்னல் வழியே போகும் எல்ஆர்டி ரயிலைக் காட்டிப் பேசலாம்.

பிள்ளை "லயில்" என்றால், "அப்படி இல்ல, ரயில்னு சொல்லு" என்று விரட்டாதீர்கள். ர, ற, ழ எல்லாம் மெதுவாகத்தான் வரும். "ஆமா, ரயில் போகுது!" என்று நீங்கள் சரியாகச் சொன்னால் போதும். பாட்டிமார்கள் பிள்ளை கை காட்டியதுமே மைலோவை நீட்டிவிடுவார்கள், பாசம்தான், ஆனாலும் பத்து விநாடி காத்திருந்தால் பிள்ளை வாய் திறக்கும்.

"இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று மட்டும் சும்மா இருந்துவிட வேண்டாம். காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். பதினெட்டு மாத ஊசிக்கு அரசாங்கக் கிளினிக் போகும்போது, ஒரு சொல்கூட வரவில்லை என்றால் தாதியிடம் சொல்லி, காதுப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேளுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களையே பிள்ளை விட்டுவிட்டால், எந்த வயதாக இருந்தாலும் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.