டேங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்பார்க் பிளக்கை மரை கெடாமல் மாற்றுவது

நான்கு சிலிண்டர் பைக்குகளிலும், டேங்குக்குக் கீழே ஆழமான குழிக்குள் பிளக் வைத்த மற்ற எஞ்சின்களிலும் நேரம் பிடிப்பது பிளக் வரை போய்ச் சேரும் வேலைதான். எஞ்சின் பாழாவதோ இரண்டு இடங்களில்: குழியில் கிடக்கும் மண் சிலிண்டருக்குள் விழும்போது, புது பிளக் சாய்வாக மரை மாறி ஏறும்போது. இந்த இரண்டுக்கும் அவசரமே கூடாது.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுங்கள். சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து பிளக்கோடே வந்துவிடலாம்.

10 மி.மீ. மரை பிளக்குக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. சாக்கெட், 12 மி.மீ. மரைக்கு 18. புதிய நீள மரை பிளக்குகள் சிலவற்றுக்கு 14 வேண்டும். தடித்த சுவருள்ள கார் சாக்கெட் பல குழிகளில் நுழையாது. வண்டியோடு வந்த மெல்லிய குழாய் ஸ்பேனர் நுழையும். நீளமான ஒற்றை எக்ஸ்டென்ஷன் ஃபிரேமில் இடிக்கும். 75 மி.மீ. துண்டுகள் இரண்டு இருந்தால், முதல் துண்டை சாக்கெட்டோடு இறக்கிவிட்டு மேலே மற்றதைப் பொருத்தலாம். சாக்கெட்டும் முதல் துண்டும் சேரும் இடத்தில் டேப் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால், சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பிளக்கை இறுகப் பிடித்துக்கொண்டால், சாக்கெட் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதை எடுப்பது பெரும்பாடு.

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் இதைச் செய்யுங்கள், தூக்க எளிது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் குழாய்க்குள் அழுத்தம் மிச்சமிருக்கும். இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டு மெல்ல விடுவியுங்கள். ஏர் பாக்ஸைக் கழற்றினால் எஞ்சினுக்குள் போகும் காற்று வாய்களைச் சுத்தமான துணியால் உடனே அடையுங்கள். ரேடியேட்டர் மறைத்தால் கூலன்ட்டை வடிக்கத் தேவையில்லை. பல வண்டிகளில் கீழ் போல்ட்டை எடுத்து முன்னால் சாய்த்தாலே போதும்.

பிளக் கேப்புகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் ஒட்டுங்கள். கேப்புக்குப் பதில் குச்சி வடிவக் காயிலாக (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) இருந்தால் இடமும் வலமும் சற்றுத் திருகி, ஒட்டு விட்டதும் நேராக மேலே இழுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் காயிலின் தலை உடையும்.

பிளக்கைத் தொடுமுன் குழிக்குள் காற்று ஊதுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. கால் சுற்றுத் தளர்த்தி, இன்னொரு முறை ஊதுங்கள். மரையோரம் ஒட்டியிருந்த மண் இந்த இரண்டாவது ஊதலில்தான் வெளியே வரும். தண்ணீர் தேங்கியிருந்தால் ஹெட்டின் பக்கவாட்டில் உள்ள வடிகால் துளை அடைத்திருக்கலாம். பிளக் இருக்கும்போதே கம்பியால் குத்தி எடுங்கள். எண்ணெய் நின்றால் வால்வ் கவரில் பிளக் துளையைச் சுற்றியுள்ள சீல் போய்விட்டது.

சாக்கெட்டை நேராக நிறுத்தியே திருகுங்கள். சாய்ந்தால் பிளக்கின் பீங்கானில் விரிசல் விழும். மயிரிழை விரிசலே மிஸ்ஃபயருக்கு (பொறி தவறுவதற்கு) போதும். பிளக் இறுகி நின்றால் துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

புது பிளக்கின் எண் பழையதோடு பொருந்த வேண்டும். மரை நீளம் கூடினால் பிஸ்டன் அல்லது வால்வ் மீது மோதலாம். என்ஜிகே பிளக்கில் கடைசியில் "-9" இருந்தால் பொறி தாவும் இடைவெளி 0.9 மி.மீ. இரிடியம் முனையுள்ள பிளக்கில் இடைவெளி அளக்கும் கேஜை நுழைக்காதீர்கள், ஊசி போன்ற அந்த முனை ஒடிந்துவிடும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே வேண்டாம்.

ஏற்றுவதற்கு 30 செ.மீ. ரப்பர் குழாய் போல வேறு கருவி இல்லை. பிளக்கின் தலையில் செருகி இறக்கி, முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். "டக்" என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். மரைகள் பொருந்துமிடம் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம். மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். முழு மரையும் இப்படிக் கையாலேயே ஏற வேண்டும். முதல் இரண்டு சுற்றிலேயே இறுகினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

இறுக்கும் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பொதுவாக 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால், வாஷர் ஹெட்டைத் தொட்டதும் ஏறக்குறைய அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பூச்சுள்ள மரையில் கிரீஸ் தடவாதீர்கள்: உராய்வு குறைந்து, அதே அளவிலும் அதிகமாக இறுகிவிடும். தளர்வாக விட்டாலோ வெப்பம் ஹெட்டுக்குள் கடக்காமல் முனை எரியும்.

கேப்பை அடிவரை அழுத்துங்கள். டேங்கை இணைத்து, பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்து, மற்ற பேனல்களை மாட்டுமுன் ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் துடித்து ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சரியாக உட்காராத கேப்பை. பழைய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே வைத்துப் பாருங்கள். மூன்று இளம்பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கரியாக இருந்தால், அந்த சிலிண்டரில் இன்னொரு வேலை காத்திருக்கிறது.