கண் எரிகிறதா? நீலக் கண்ணாடி வாங்கும் முன் விசிறியைத் திருப்புங்கள்

நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்களுக்கு மாலையில் கண் உறுத்தும். மணல் விழுந்த மாதிரி இருக்கும், எழுத்து மங்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். உடனே நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் கட்டுகிறார்கள். அந்தச் செலவு வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்து 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கண் களைப்பைப் பொறுத்தவரை குறுகிய காலத்தில் அந்தக் கண்ணாடிக்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

எரிச்சலுக்குப் பெரிய காரணம் இமைக்காமல் இருப்பதுதான். பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 15 தடவைக்கு மேல் இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது 5, 7 என்று இறங்கிவிடும். அதிலும் பல அரைகுறை. மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே மேலே போய்விடும். இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சுரப்பிகள் எண்ணெய் சுரக்கின்றன. இமை முழுதாக மூடும்போதுதான் அது கண்ணீரின் மேல் படலமாகப் பரவும். எண்ணெய்ப் படலம் இல்லாத கண்ணீர் சில நொடிகளில் உலர்ந்துவிடும். “கண்ணில் தண்ணீராக வடிகிறது, வறட்சி எப்படி?” என்று கேட்பார்கள். வறண்ட கண் உறுத்தலைத் தாங்காமல் கொட்டும் தண்ணீர்தான் அது.

மணிக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள்: கண்ணை மெதுவாக மூடி 2 நொடி, மூடியபடியே லேசாக இறுக்கி 2 நொடி, பிறகு திறங்கள். 10 தடவை போதும். மேசை விசிறியோ ஏசி காற்றோ முகத்தில் நேராக அடித்தால் இந்தப் பயிற்சியால் பெரிய பலன் இருக்காது. முதலில் காற்றின் திசையை மாற்றுங்கள்.

திரையை உயரத்தில் வைப்பது அடுத்த தவறு. அண்ணாந்து பார்த்தால் இமை அகலத் திறந்து, கண்ணின் அதிகப் பரப்பு காற்றில் காயும். மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தூரம் 50 முதல் 65 செ.மீ. அந்தத் தூரத்தில் படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகத்தை முன்னே கொண்டுபோகாதீர்கள்.

திரையை அணைத்துவிட்டு, இருட்டான அந்தப் பரப்பை உற்றுப் பாருங்கள். ஜன்னலோ டியூப்லைட்டோ அதில் தெரிந்தால், வேலை நேரம் முழுக்க அந்தப் பிம்பத்தோடு கண் போராடுகிறது என்று அர்த்தம். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். பிரகாசத்துக்கு ஒரு வெள்ளைத்தாளைத் திரையருகே பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரிந்தால் அதிகம், சாம்பல் பூத்துத் தெரிந்தால் குறைவு.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவை, 20 நொடி பார்க்கச் சொல்வது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த இடைவேளையில் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். கிட்டப் பார்வைக்காகச் சுருங்கியிருக்கும் கண் தசை கைபேசியைப் பார்க்கையில் இன்னும் அதிகமாகச் சுருங்கும். எட்டடி தள்ளியிருக்கும் சுவரும் போதாது. ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களின் சிரமம் வேறு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒன்றாகவே போடும் புரோகிரசிவ் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி அடியில் இருப்பதால், மோவாயைத் தூக்கித் தூக்கித் திரையைப் படிக்கிறார்கள். கழுத்தும் சேர்ந்து வலிக்கிறது. கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை அளந்து கொண்டுபோய், அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி எழுதித் தரக் கேளுங்கள். கண்ணாடியில் செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள்.

சொட்டு மருந்தில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. சிவப்பை எடுக்கும் மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கும். மருந்தை நிறுத்தியதும் சிவப்பு கூடுதலாகத் திரும்பலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். பன்னீரும் வேண்டாம். செயற்கைக் கண்ணீர் மட்டும் போதும். ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் தேவைப்பட்டால், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் (preservative) இல்லாத வகையைக் கேளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் கடும் வலி, திடீர் மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று எது வந்தாலும் அது திரைக் களைப்பு அல்ல. அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.