தாழ்மையா இருக்க ட்ரை பண்றீங்களா? மொதல்ல வாங்கிக்கப் பழகுங்க

நம்ம சபைகள்ல தாழ்மைக்குன்னு ஒரு ஸ்டைல் இருக்கு. ஒருத்தர் நல்லா பாடிட்டு கீழ எறங்கி வர்றார், "சூப்பரா பாடுனீங்க பிரதர்"னு சொன்னா உடனே தலைய குனிஞ்சு "ஐயோ நான் ஒண்ணுமே இல்ல பிரதர், எல்லாம் கர்த்தர்"ங்கிறார், சாயங்காலமே அந்த வீடியோ வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்ல வந்துரும். சிரிக்காதீங்க, அந்த ஆளு நான்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி யாரெல்லாம் பாத்திருக்காங்கன்னு செக் பண்ணது வேற.

அதனால மொத வேல, யாராவது பாராட்டுனா "தேங்க்ஸ் பிரதர்"னு சொல்லிட்டு வாய மூடிக்கோங்க. நம்மள நாமளே மட்டம் தட்டிக்கிறது பாதி நேரம் இன்னொரு ரவுண்டு பாராட்டுக்கு போடுற தூண்டில்.

அடுத்தது ராத்திரி படுக்கும்போது பண்றது. பைபிள்ல 1 கொரிந்தியர் 4:7ல பவுல் ஒரு கேள்வி கேக்குறார், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?"ன்னு. அன்னைக்கு மனசுக்குள்ள பெருமைப்பட்ட ஒரே ஒரு விஷயத்த எடுத்து இந்தக் கேள்விய போட்டு நூல் புடிச்ச மாதிரி பின்னாலயே போங்க. என் பாட்டுன்னா, தொண்டை பொறப்புலயே வந்தது, சுருதி சேர சண்டே ஸ்கூல் டீச்சர் மாரடிச்சாங்க, பாட்டு ப்ராக்டிஸுக்கு அப்பா சைக்கிள்ல வச்சு மிதிச்சார்... கடைசியில என்னோடதுன்னு மிஞ்சுறது கொஞ்சூண்டு, அந்த கொஞ்சூண்டுக்கும் பெலன் நான் கடையில வாங்குனதா என்ன. லிஸ்ட் முடியறதுக்குள்ள தூங்கிருவீங்க, பரவால்ல.

லூக்கா 18ல இயேசு சொன்ன கதையில வர்ற பரிசேயன, அதான் மதச் சட்டத்த கறாரா கடைப்பிடிக்கிறவன, நாம ரொம்ப ஈசியா திட்டிடுறோம். வாரத்துக்கு 2 தடவ உபவாசம், எல்லாத்துலயும் பத்துல ஒரு பங்கு தசமபாகம், ஸ்தோத்திரம் கூட சொல்றான், ஆனா அந்த ஜெபத்துல கர்த்தர்கிட்ட கேக்குறதுன்னு ஒண்ணுமே இல்ல, பாத்தீங்களா? தூரத்துல நின்ன ஆயக்காரன், அதான் வரி வசூலிக்கிறவன், கேட்டது ஒரே லைன், பாவியாகிய என்மேல் கிருபையாயிரும். உங்க ஜெபத்துல இன்னொருத்தர ஒப்பிட்டு ஒரு வார்த்த வந்தா அங்கயே பிரேக் போட்டு அந்த லைனுக்கு வந்துருங்க.

விழுந்துட்டா? பாரிஸ்ல 17ஆம் நூற்றாண்டுல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர் மடத்து சமையலறையில வேல பாத்தார். தப்பு பண்ணிட்டா, நீர் என்னைய தனியா விட்டா நான் இப்படித்தான் பண்ணுவேன், நீர்தான் சரி பண்ணணும்னு சொல்லிட்டு அதையே நோண்டிக்கிட்டு இருக்காம வேலைக்குத் திரும்பிருவாராம். மூணு நாள் மூஞ்சிய தொங்கப் போட்டுட்டு திரியறதுல "போயும் போயும் நானா இப்படி"ங்கிற கர்வம்தான் ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு மட்டும், அடிக்கிற புருஷன்கிட்டயோ மிரட்டுற லீடர்கிட்டயோ தாழ்மையா பொறுத்துப் போங்கன்னு யாராவது அட்வைஸ் பண்ணா கேக்காதீங்க. அது வேற, இது வேற.

எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது யோவான் 13 தான். காலைக் கழுவ வர்ற இயேசுவ அவரோட சீஷன் பேதுரு வேணாம்னு தடுக்குறார், கேட்டா மரியாதை மாதிரிதான் இருக்கும், ஆனா இயேசு விடல, நான் கழுவலன்னா என்கிட்ட உனக்கு பங்கில்லன்னுட்டார். போன வருஷம் வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல், சபையில இருக்குற ஒரு அக்கா மூணு நாளா தூக்குல ரசமும் சோறும் கொண்டு வந்தாங்க. எனக்கு நன்றிய விட கணக்குதான் ஓடுச்சு, காலி தூக்க எப்படி குடுக்குறதுன்னு மாம்பழம் ஆப்பிள்னு நெறச்சு குடுத்து விட்டேன், அக்கா மொகம் சுருங்கிருச்சு. இந்தவாட்டி மறுபடி கொண்டு வந்தாங்க. தூக்க நல்லா வெளக்கி, காலியாவே கையில குடுத்து "ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா"ன்னேன். கை கூசுச்சு. அக்கா வாங்கிட்டு, "நாளைக்கு குழம்பு வைக்கவா?"ன்னாங்க.