காரை எவ்வளவு இறக்கலாம்? புதுச்சேரி, கடலூர் சாலைகளுக்கு ஒரு கணக்கு

ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தி, டயருக்கும் அதன் மேல் வளைவான ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்தால் சாதாரண ஹேட்ச்பேக்கும் கம்பீரமாகத் தெரியும். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. இறக்கிய கார் என்றாலே ஆபத்து என்பவர்களும் சரி, மேடு வந்தால் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம் என்பவர்களும் சரி, ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை: இறக்கிய பிறகு சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம்? மெக்கானிக்குகள் டிராவல் என்று சொல்லும் அந்த இடம் தீர்ந்துபோனால், அடுத்த பள்ளத்தின் அடி நேராக பாடியில்தான் இறங்கும். தினமும் ஓட்டும் காரை 25 முதல் 30 மி.மீ. வரை இறக்கினால் போதும் என்பது எங்கள் தீர்மானம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

முதலில் அளவு

சமதளத்தில் காரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டேங்க் பாதி நிரம்பியிருக்கட்டும். நான்கு சக்கரத்திலும் வீல் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு கீழே குனிந்து, தரைக்கு மிக அருகில் இருப்பது எது என்று பாருங்கள். எஞ்சின் ஆயில் தங்கும் சேம்பரா, சைலன்சர் குழாயா, குறுக்குச் சட்டமா? வீட்டில் உள்ளவர்களை ஏற்றி, டிக்கியில் வழக்கமான சுமையையும் வைத்து அதே இடத்தை மறுபடி அளக்க வேண்டும். கிடைக்கும் இரண்டாவது எண்தான் உங்கள் உண்மையான கிரவுண்ட் கிளியரன்ஸ்.

2018இல் வந்த ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். கிளியரன்ஸ் 163 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2450 மி.மீ. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். அதன் மேல் இரண்டு ஆக்சிலும் ஏறி நிற்கும்போது காரின் வயிற்றுக்கு நடுவே மேடு எழும்புவது சுமார் 44 மி.மீ. மட்டுமே. முறைப்படி போட்ட வேகத்தடையில் இறக்கிய காரும் தாராளமாகத் தாண்டும். ஈசிஆரை விட்டு ஊருக்குள் திரும்பினால் கதை வேறு. தெருக்காரர்களே சிமெண்ட் கொட்டி எழுப்பிய அரை மீட்டர் அகல மேட்டில் இரண்டு ஆக்சிலும் சமதளத்தில் நிற்க, மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும். மேடு 10 செ.மீ. என்றால் 100 மி.மீ. வேண்டும். 60 மி.மீ. இறக்கிய ஸ்விஃப்ட்டில் ஆள் ஏறாமலேயே மிச்சம் 103தான். மூன்று பேர் ஏறினால் அடி தட்டும், எவ்வளவு மெதுவாகப் போனாலும்.

ஸ்பிரிங்கை வெட்டினால் என்ன ஆகும்

ஒரு சுற்றை வெட்டிவிட்டால் செலவே இல்லை என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஐந்து சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 25 சதவீதம் கூடும். ஆனால் டிராவல் பாதியாகக் குறைந்தால், அதே பள்ளத்தின் அடியைத் தாங்க நான்கு மடங்கு விறைப்பு தேவை. இந்த 25 எந்த மூலைக்கு? மிச்ச அடியை முதலில், சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வாங்கும். அது நொறுங்கியதும் ஷாக் அப்சர்பரின் ராடும், ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடிக்கும் மவுண்டும் வாங்கும். ஆயில் சீல் ஒழுகுவது அதற்குப் பிறகு வரும் அறிகுறி.

வெட்டிய ஸ்பிரிங்கில் இன்னொரு கேடு உண்டு. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். சுழன்றால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும் நொடியில் அது தான் அமரும் தட்டை, அதாவது ஸ்பிரிங் இருக்கையை, விட்டு விலகக்கூடும். கேஸ் வெல்டிங்கால் சூடு காட்டி இறக்குவது இதைவிட மோசம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு அதே இடத்தில்தான் முறியும்.

வாங்க வேண்டியது உங்கள் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங் நான்கு, புதிய பம்ப் ஸ்டாப், ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், புதிய நட்டுகள். ஷாக் பழையது என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். 40 மி.மீ.க்கு மேல் போகத்தான் வேண்டும் என்றால், விறைப்புக்கு ஏற்ற ஷாக்குடன் வரும், உயரத்தை மரையில் திருகி மாற்றும் காயிலோவர் இல்லாமல் இறங்கக் கூடாது.

மாட்டும்போது

ஸ்டாண்டில் நிற்காத காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் முதலில் விடுவியுங்கள். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் உள்ள இரண்டு போல்ட், மேலே மவுண்ட் நட்டுகள் கழன்றதும் ஸ்ட்ரட் வெளியே வரும். ஸ்பிரிங்கை கம்ப்ரஸரால் அழுத்தாமல் நடு நட்டைத் தொடாதீர்கள். புதிய ஸ்பிரிங்கின் முனை, கீழ் இருக்கையில் உள்ள படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும்.

ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை மட்டும் ஒரு முறை மாட்டி, பம்ப் ஸ்டாப் அழுந்தும் வரை சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்துங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடியுங்கள். டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பல பட்டறைகள் தவறும் இடம் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டு. சக்கரம் தொங்கும் நிலையிலேயே அந்த போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில மாதத்தில் கிழியும். சக்கரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, கார் நிற்கும் உயரத்துக்கு ஆர்மைத் தூக்கிய பிறகே இறுக்க வேண்டும்.

அன்றைக்கே டோ, அதாவது டயர் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவைப் பாருங்கள், ஒரு வாரம் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் முழு அலைன்மெண்ட். ஒரு டயர் 0.5 டிகிரி விலகியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. டயரைத் தின்பதில், சக்கரம் பக்கவாட்டில் சாயும் கேம்பரைவிட டோவே முந்தும். சக்கரத்தை வேண்டுமென்றே உள்பக்கம் சாய்த்து வைக்கும் ஸ்டான்ஸ் பாணி கார் கண்காட்சியில் நிறுத்த நன்றாக இருக்கும். சாலையில் டயரின் உள்விளிம்பு மட்டும் தரையைத் தொட்டால், ஐப்பசி மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். அதை ஓடும் காருக்குச் செய்யாதீர்கள்.

மிச்சத்தைக் கண்ணால் பார்க்க

ஷாக்கின் டஸ்ட் கவரைத் தூக்கி, பளபளக்கும் ராடின் அடியில் ஒரு சிறிய கேபிள் டை இறுக்கி, அதிகமாக நீட்டும் வாலை வெட்டிவிடுங்கள். குடும்பத்துடன் அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய்த் திரும்புங்கள். ஷாக் உடம்பு டையை மேலே தள்ளியிருக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தால் கார் அந்தச் சாலைக்குப் பொருந்துகிறது. டை ரப்பரில் அழுந்திக் கிடந்தால் காரை 10 மி.மீ. உயர்த்தியே ஆக வேண்டும்.

ஹெட்லைட்டை மறக்க வேண்டாம். சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்தி லோ பீம் போட்டால், ஒளியின் மேல் விளிம்பான வெட்டுக்கோடு விளக்கின் நடுவிலிருந்து சுமார் 5 செ.மீ. கீழே விழ வேண்டும். பின்பக்கம் அதிகம் இறங்கிய கார், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சட்டம், மழை, உப்பு

பி.ஒய்-01 ஆனாலும் டி.என்-31 ஆனாலும் சட்டம் ஒன்றே. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. வேலைக்கு முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது தெருவெல்லாம் ஆறாக ஓடியது. காரை 5 செ.மீ. இறக்கினால் எஞ்சின் காற்று இழுக்கும் வாயும் 5 செ.மீ. தாழ்கிறது. தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கடற்காற்றில் காயிலோவரின் மரை உப்புப் பூத்து, அலுமினிய காலர் எஃகோடு பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி, பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்ந்ததும் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று இருக்கையில் உட்காரும் இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து துரு தெரிந்தால் சுரண்டிப் பூசி ஓட்ட வேண்டாம், அந்த ஜோடியையே மாற்றுங்கள்.