குவளையில் விரியாத ஸ்ட்ரெலிட்சியா: என் அனுபவம்

அக்கா மகளின் நிச்சயதார்த்த மேடைக்குப் பூ அலங்காரம் என் பொறுப்பு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வேலியோரம், பறவைத் தலை போன்ற பூ விடும் ஸ்ட்ரெலிட்சியா அடர்ந்து நிற்கிறது. நம் பழைய 50 சென்ட் நாணயத்தில் இருக்கும் பூதான். இந்த மண்ணுக்கே உரியது என்பதால் வெளியிலிருந்து பூ வாங்க எனக்கு மனமில்லை.

ஒத்திகைக்காகச் சில காம்புகளை வெட்டிக் குவளையில் வைத்தேன். முதல் பூ சீக்கிரமே சுருங்கியது. அலகு போன்ற மடலுக்குள்ளிருந்து அடுத்தது வரவேயில்லை. வேலியில் நின்றவையோ ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன.

தினமும் தண்ணீர் மாற்றினேன், காம்பைச் சாய்வாக நறுக்கினேன், சர்க்கரை கலந்தேன், வெயில்படும் ஜன்னலில் வைத்தேன். பலனில்லை. உரக்குறை என்றார் ஒருவர். அப்படியானால் வேலியிலும் விரியக் கூடாதே!

மடலின் மேல்விளிம்பைத் தடவியபோதுதான் பிடிபட்டது. அங்கே கசியும் பிசுபிசுப்பான சாறு, அறையின் வறண்ட காற்றில் காய்ந்து, பூ வெளிவரும் பிளவை ஒட்டவைத்திருந்தது.

மடலை மட்டும் வெதுவெதுப்பான நீரில் சுமார் 20 நிமிடம் ஊறவைத்தேன். பிறகு கட்டைவிரலைப் பிளவுக்குள் நுழைத்து, உள்ளே மடங்கிக் கிடந்த பூவை அடியிலிருந்து மேலே தூக்கினேன். பூக்களுக்கு நடுவே ஒரு மெல்லிய வெள்ளைச் சவ்வு இருக்கும், பலர் கவனிப்பதில்லை. அதை உரித்தால்தான் ஆரஞ்சு இதழ்கள் விசிறியாகப் பிரியும். அம்பு போல நீண்ட நீல இதழைப் பிடித்து இழுக்காதீர்கள், முறிந்துவிடும். வாடிய பழைய பூவை அடியோடு கிள்ளிவிடுங்கள்.

அப்பாடா, மேடை நிறைந்தது! மிச்சக் காம்புகளைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். குளிரில் இதழ் கறுத்துவிடும்.