மஞ்சள் நடும் முன்பே நேரும் தவறுகள்

பொங்கல் முடிந்த கையோடு, தேக்கா சந்தையில் வாங்கிய மஞ்சள் கொத்தின் கிழங்கைத் தொட்டியில் புதைத்துவிட்டு, முளை வரவில்லையே என்று ஏங்குவோர் சிங்கப்பூரில் பலர். அறுவடைக்குப் பிறகு இரண்டு மூன்று மாதங்கள் உறங்கிக் கிடப்பது மஞ்சள் கிழங்கின் இயல்பு. ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத இந்த ஊரிலும் அது எளிதில் மாறுவதில்லை. வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் ஜனவரியில், உறங்கும் கிழங்கு ஈரமண்ணில் கிடந்தால் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடக்கூடும். ஆகவே தண்டை நறுக்கி, மண்ணை உதிர்த்து, காற்றோட்டமான நிழலில் கிழங்கை வைத்திருந்து, முளைமொட்டுகள் பருத்த பின், ஏறக்குறைய ஏப்ரலில் நடுவதே பொருத்தம். எட்டு ஒன்பது மாதப் பயிர் என்பதால், அடுத்த பொங்கலுக்குள் கிழங்கு திரண்டுவிடும்.

மளிகைக் கடையில் விற்கும் காய்ந்த விரலி மஞ்சளை நடுவதால் பயனில்லை. அது வேகவைத்து உலர்த்தப்பட்டது. அதில் உயிர் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மண்ணில்தான் நிகழ்கிறது. தரையில் தோண்டிய களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால், ஒவ்வொரு மழைக்கும் அது இறுகி, நீரைப் பிடித்துக்கொண்டு, அழுகலுக்குக் காரணமான பூஞ்சணங்களுக்கு இடம் கொடுக்கிறது. வடிகாலுக்காக அடியில் கூழாங்கற்களைப் பரப்புவது பரவலான பழக்கம் என்றாலும் அதனால் நன்மை விளைவதில்லை. கல்லுக்கு மேலுள்ள மண் முழுவதும் நனைந்த பின்னரே நீர் கீழே இறங்கும் என்பதால், ஈரம் தங்கும் பகுதி வேருக்கு இன்னும் அருகே வந்துவிடுகிறது. இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு நன்கு மக்கிய உரம், ஒரு பங்கு பெருமணல் அல்லது பெர்லைட் (நீர் வடிய உதவும் இலேசான வெண்கல் துகள்) என்று முழுத்தொட்டிக்கும் ஒரே கலவையாக நிரப்புவதே சரியான வழி. மக்காத கோழி எருவும், முன்பு இஞ்சி அழுகிய மண்ணும் வேண்டவே வேண்டாம். மஞ்சளும் இஞ்சியும் ஒரே குடும்பத்துப் பயிர்கள், ஒன்றின் நோய் மற்றொன்றையும் தாக்கும்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் வேருக்கும் கேடு, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இடம், தட்டை அகற்றிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் வைப்போர், நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி விட்டு, வெயில் படும் இடத்தை முதலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். மண் நிரம்பிய தொட்டியை நகர்த்துவது எளிதன்று.

நடும்போது, இரண்டு மூன்று மொட்டுகள் உள்ள துண்டாக வெட்டி, வெட்டுவாய் உலர ஓரிரு நாள் விட்டு, மொட்டு மேல்நோக்கி இருக்குமாறு சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் அகலத் தொட்டிக்கு இரண்டு துண்டுகளே போதும். நெருக்கி நட்டால் கிழங்கு பருக்க இடமிருக்காது. இலை விரியும்வரை நீரின் தேவை மிகக் குறைவு என்பதால், மேல்மண் காய்ந்த பின் மட்டுமே ஊற்றுங்கள். முளை தெரிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் கிளறிப் பார்த்தால், எழுந்துவரும் குருத்து ஒடிந்துவிடும்.